ஹாஸ்பிஸ் என்றால் அப்பச்சியைக் கைவிடுவதா?

தம்பி, உங்கள் அப்பாவைப் பற்றி, நம் பக்கத்து வழக்கில் அப்பச்சியைப் பற்றி, நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கணையப் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது, இனி கீமோ கொடுத்துப் பயனில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய் ஹாஸ்பிஸ் மாதிரி பாருங்கள் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள், அது என்ன, முதியோர் இல்லம் மாதிரியா? வலிக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவாரா? சாப்பாடு இறங்கவில்லை, ட்ரிப்ஸ் ஏற்றலாமா? நீங்கள் சிங்கப்பூரில், தேவகோட்டை வீட்டில் ஆத்தா, உங்கள் அம்மா, மட்டும் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகு எனக்கு இந்த மூன்றுமே ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. சரி என்று சொல்லிவிட்டால் நானே அப்பச்சியைக் கைவிட்டதாக ஆகிவிடுமா என்பதுதான் அது. ஆகாது. ஏன் ஆகாது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை, நர்ஸ். கோழிக்கோட்டில் ஆறு வாரம், இப்படிக் குணமாக்க முடியாத நோயாளிகளைப் பார்ப்பதற்கென்றே பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து, பத்தொன்பது வருடமாகக் காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், கானாடுகாத்தான் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறேன். உங்கள் அப்பச்சியை நான் பார்த்ததில்லை, அதனால் எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அதை இப்படி எழுத்தில் யார் சொன்னாலும் நீங்கள் கேட்கவும் கூடாது.

முதலில் அந்தச் சொல். 1967-ல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்கிற அம்மையார் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்று ஒரு இல்லம் தொடங்கினார். நர்ஸாக இருந்து, பிறகு டாக்டருக்குப் படித்தவர். நோயைக் குணப்படுத்த முடியாது என்று ஆன பிறகும் அந்த ஆளுக்குச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, உடம்பு வலி, மனசு வலி, குடும்பத்துக் கவலை, சாமி மேல் வரும் கோபம் எல்லாம் சேர்ந்துதான் ஒருத்தருடைய வலி என்று அவர் சொன்னதுதான் இன்றைக்கும் எங்கள் வேலைக்கு அடிப்படை. நம் நாட்டில் முதல் இல்லம் மும்பையில் 1986-ல் வந்த சாந்தி அவேத்னா. ஆனால் கட்டடம் கட்டி, கட்டில் போட்டு வைத்துப் பார்ப்பது இந்த வேலையில் ஒரு வகைதான். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால் போன்றவர்கள் தொடங்கியது வேறு வழி, அக்கம்பக்கத்து ஆட்களையும் பழக்கி, நோயாளி இருக்கிற வீட்டுக்கே போவது. நம் பக்கத்துக்கும் அதுதான் சரிப்படும். எண்பது ஜன்னல் வைத்த வீட்டில் பிறந்து வளர்ந்த மனுஷனை ஊர் தெரியாத ஒரு அறையில் கொண்டுபோய்ப் போட்டால், வலி இல்லாவிட்டாலும் அவருக்கு அது நரகம்.

அதனால் ஹாஸ்பிஸ் என்பதை இடம் என்று நினைக்காதீர்கள். நோயைத் துரத்துவதை நிறுத்திவிட்டு, நோய் கொடுக்கிற தொந்தரவுகளைத் துரத்த ஆரம்பிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழக அரசு இதை நோய் ஆதரவு சிகிச்சை என்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை மட்டும் இல்லை, படுக்கையில் இருப்பவர்களை வீட்டில் வந்து பார்க்கிற நர்ஸும், இயன்முறை சிகிச்சை கொடுக்கிறவரும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பச்சி பெயரைப் பதிந்து வைக்கச் சொல்லுங்கள், வழி தெரியாவிட்டால் 104-க்குப் போன் போட்டுக் கேட்கலாம். வருகிறவர் எவ்வளவு அடிக்கடி வர முடியும் என்பது அந்த வட்டாரத்தில் அவர் தலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தினமும் வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆனால் வராமலேயும் இருந்துவிடாதபடி கேட்டுக்கொண்டே இருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் யாராவது காதில் போடுவார்கள். தெற்கே சில ஊர்களில் தலைக்கூத்தல் என்று ஒன்று நடந்தது, படுத்த படுக்கையான கிழவர் கிழவிகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்து முடித்துவிடுவது. ஹாஸ்பிஸ் என்றதும் அதன் இங்கிலீஷ் பெயர் என்று நினைக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன், ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை. நாங்கள் சாவைச் சீக்கிரம் வரவைப்பதும் இல்லை, வருகிறதை இழுத்துப் பிடிப்பதும் இல்லை. 2010-ல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்களை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே இந்தக் கவனிப்பும் கிடைத்தவர்கள் நடுத்தரமாகப் பதினொன்றரை மாதத்துக்கு மேல் இருந்தார்கள், கிடைக்காதவர்கள் ஒன்பது மாதம் கூட இல்லை. இது கணையத்துக்கும், இவ்வளவு தள்ளிப்போன நிலைக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆயுளைக் குறைக்கும் என்கிற பயத்துக்குப் பதிலாக மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மார்ஃபின். இதில்தான் நம் வீடுகளில் அதிகமாகப் பாவம் செய்கிறோம், தெரியாமல்தான். கணையத்து வலி எப்படி இருக்கும் தெரியுமா? மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகைத் துளைத்துக்கொண்டு போகும், மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். ராத்திரியெல்லாம் தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருக்கிறார் என்றால், அவர் தூக்கம் வராமல் உட்காரவில்லை, வலி தாங்காமல் உட்கார்ந்திருக்கிறார். அந்த வலிக்குப் பாராசிட்டமால் போதாது. சரியான அளவில், டாக்டர் சொன்னபடி, வாய்வழியாகக் கொடுக்கிற மார்ஃபின் உயிரை எடுப்பதில்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம்தான் பேசும், அதனால் மணி பார்த்துக் கொடுக்க வேண்டும், வலி வந்த பிறகு தேடக்கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் அசந்து தூங்குவார், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள்தான் பாதிப்பேர். பல நாளாகத் தூங்காத மனுஷன் வலி விட்டதும் தூங்கத்தானே செய்வார்? அந்த மயக்கம் தானாகவே தெளியும். சில பேருக்குக் குமட்டல் வரும், அதுவும் சில நாளில் அடங்கும், மாத்திரை இருக்கிறது. மலச்சிக்கல் மட்டும் அடங்காது, மார்ஃபின் ஓடுகிற வரைக்கும் பேதி மாத்திரையோ மருந்தோ கூடவே ஓட வேண்டும். அதை எழுதாமல் விட்டிருந்தால் இன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.

கவனமாக இருக்க வேண்டிய இடமும் உண்டு, மறைக்கவில்லை. கல்லீரலிலும் பரவியிருக்கிறது என்கிறீர்கள், அது சரியாக வேலை செய்யாவிட்டாலோ மூத்திரம் குறைந்துபோனாலோ மார்ஃபின் உடம்பில் தங்க ஆரம்பிக்கும், அளவை மாற்றவோ வேறு மருந்துக்குப் போகவோ வேண்டியிருக்கலாம். எழுப்பினாலும் எழுந்திருக்காத தூக்கம், கை கால் வெட்டி வெட்டி இழுப்பது, மூச்சு ரொம்ப நிதானமாகப் போவது, இதில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைக் கொடுப்பதற்கு முன்னால் டாக்டருக்குப் போன் போடுங்கள். திடீரென்று நிறுத்தவும் கூடாது, உடம்பு பழகியிருக்கும். பழகுவது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு. புற்றுநோய் வலிக்கு மாத்திரை சாப்பிட்டு அடிமையான ஒருவரையும் இந்தப் பத்தொன்பது வருடத்தில் நான் பார்க்கவில்லை. வலி மாத்திரைக்கும் அடங்காவிட்டால், வயிற்றுக்குப் பின்னால் இருக்கிற நரம்புக் கூட்டத்தில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்கிற முறை ஒன்று கணையத்து வலிக்கென்றே இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் வலிப் பிரிவில் செய்வார்கள், அவர் பயணம் தாங்குவாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அதே மாதிரி மஞ்சள் காமாலை ஏறி உடம்பெல்லாம் அரிப்பு என்றால், பித்தக் குழாயில் சின்னக் குழாய் வைத்து அடைப்பை விடுவிக்க முடியுமா என்றும் கேட்கலாம். இதெல்லாம்கூட ஆதரவு சிகிச்சைக்குள்தான் வரும், எதையுமே செய்யாமல் விடுவது என்று இதற்கு அர்த்தமே இல்லை.

மாத்திரை விலை கம்மி, கிடைப்பதுதான் கஷ்டம். 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டம் மார்ஃபினைக் கிட்டத்தட்ட ஒழித்தே விட்டது, 2014-ல் திருத்தம் வந்து நடைமுறை கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. ஆனாலும் முனைக் கடையில் கேட்டால் கிடைக்காது, அதற்கென்று அனுமதி பெற்ற ஆஸ்பத்திரியில்தான் வாங்க வேண்டும். பெரும்பாலும் நோயாளியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, சீட்டும் ரிப்போர்ட்டும் எடுத்துக்கொண்டு வீட்டு ஆள் போனால் போதும். தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே போக வேண்டும், தீபாவளி பொங்கல் சமயத்தில் இன்னும் முன்பே. வாங்கி வந்ததைப் பூட்டி வையுங்கள். கணக்கு எழுதுங்கள். கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஆச்சி, வட்டிக்கடைப் பேரேடு மாதிரியே ஒரு நோட்டில் கோடு போட்டு, வாங்கினது வரவு, கொடுத்தது செலவு, இருப்பு என்று எழுதி, ஓரத்தில் வலி எவ்வளவு என்று பத்துக்கு மார்க்கும் போட்டு வைத்திருந்தார். அந்த ஒரு நோட்டை வைத்துக்கொண்டு டாக்டர் ஐந்தே நிமிடத்தில் அளவைச் சரி செய்தார். படித்தவர்கள் வீட்டில்கூட நான் அப்படி ஒரு நோட்டுப் பார்த்ததில்லை.

அடுத்தது சாப்பாடு. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் தயக்கம், ஏனென்றால் நம் ஊரில் அன்பு என்பதே இலையில்தான் இருக்கிறது. கவுனி அரிசி, பால் பணியாரம், உளுந்தங்களி என்று ஆத்தா மூன்று வேளையும் செய்து பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவர் ஒரு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் சாப்பிடாததால் நோய் முற்றவில்லை, நோய் முற்றியதால் சாப்பிட முடியவில்லை. இதைப் பத்துத் தடவையாவது ஆத்தாவிடம் சொல்லுங்கள். பசியே தெரியாத உடம்பு அது, திணித்தால் வாந்தியும் புரையும்தான் மிச்சம். கேட்டதை, கேட்ட நேரத்தில், கேட்ட அளவு. சுகர் இருக்கிறதே என்று இந்த நேரத்தில் பத்தியம் போட்டு ஒரு கந்தரப்பத்தை மறுப்பதில் அர்த்தமில்லை என்பது என் கருத்து. ஆனால் இன்சுலின் போடுகிறவர் என்றால் சாப்பாடு குறைந்ததை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சுகர் இறங்கி மயங்கிவிடுவார்.

ட்ரிப்ஸைப் பற்றி ஒரே வரியில் பதில் இல்லை. வாந்தி, பேதியால் திடீரென்று வாடிப்போனவருக்கு, இன்னும் எழுந்து நடமாடுகிற நிலையில் இருப்பவருக்கு, ஒன்றிரண்டு பாட்டில் உதவலாம். கடைசி நாட்களில் உதவுவதில்லை, பல நேரம் கெடுதல். வேலைக்கு வந்த புதிதில் நானே ஒரு வீட்டில் மகன்கள் கெஞ்சினார்கள் என்று தினம் இரண்டு பாட்டில் ஏற்ற ஒத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அந்தப் பெரியவருக்குக் காலும் கையும் வீங்கி, நெஞ்சில் சளி கட்டி, மூச்சு கரகரவென்று தெருவரைக்கும் கேட்டது. உடம்பு வாங்க மறுத்த தண்ணீரை நான் உள்ளே ஊற்றியிருந்தேன். அவர் மகள் எனக்குக் கைகூப்பி நன்றி சொன்னபோது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு கடைசி நாட்களில் ட்ரிப்ஸ் கேட்டால் வாயைத்தான் பார்க்கச் சொல்வேன். அந்த நேரத்தில் தாகம் என்பது பெரும்பாலும் வாய் காய்ந்துபோவதுதான். சுத்தமான துணியை நனைத்து உதட்டைத் துடைப்பது, இளநீரை ஐஸாக்கிச் சின்னச் சின்னதாக நாக்கில் வைப்பது, தேங்காய் எண்ணெய் தடவுவது, இதை மணிக்கு ஒரு தடவை செய்தால் ட்ரிப்ஸை விட ஆறுதல்.

இந்த இடத்திலேயே ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இழுத்துக்கொண்டிருக்கிறது என்றதும் பால் ஊற்றுவது, மண்ணாசை, பொன்னாசை என்று மண்ணைக் கரைத்தும் காசை உரைத்தும் வாயில் விடுவது. நான் எந்த வீட்டிலும் சடங்கைத் தடுத்ததில்லை. ஊற்றாதீர்கள், விரலில் தொட்டு உதட்டில் வையுங்கள் என்று மட்டும் சொல்வேன். விழுங்க முடியாதவர் தொண்டையில் ஊற்றினால் அது நெஞ்சுக்குள் போய்த் திணறடிக்கும். உதட்டில் வைத்ததும் ஆசை தீர்ந்ததாகத்தான் கணக்கு, எந்தப் பெரியவரும் இதுவரை மறுத்ததில்லை.

வீட்டைப் பற்றி. நம் பக்கத்து வீடுகள் கல்யாணத்துக்குக் கட்டியவை, படுக்கையில் கிடப்பதற்கு இல்லை. கக்கூஸ் கடைசிக் கட்டுக்குப் பின்னால் இருக்கும், நடுவில் நாலு உயர நிலைப்படி, ஈரம் பட்டால் ஆத்தங்குடிக் கல் வழுக்கும். விழுந்து இடுப்பு முறிந்தால் நிலைமையே மாறிவிடும். உள்ளறை இருட்டில் போடாதீர்கள், அவருக்குப் பிடித்தால் முகப்பிலோ வளவுப் பக்கமோ, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் தெரிகிற இடத்தில் கட்டிலைப் போடுங்கள். கட்டில் பக்கத்திலேயே கமோடு நாற்காலி. காற்று மெத்தை காரைக்குடியில் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள், ஆனால் மெத்தை இருக்கிறதே என்று விட்டுவிடாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். மூச்சு வாங்கினால் ஜன்னலைத் திறந்து, சின்ன ஃபேன் ஒன்றை முகத்துக்கு நேராக வையுங்கள், எளிமையாகத் தெரிந்தாலும் நன்றாகவே பலன் தெரியும். ஆத்தாவால் ஒண்டியாக இதெல்லாம் முடியாது. ராத்திரிக்கு ஒரு ஆள் கட்டாயம், நீங்கள் அனுப்புகிற பணத்தில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

எவ்வளவு நாள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்த மூன்று கேள்விக்கு நடுவில் டிக்கெட் எப்போது போடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள், இரண்டும் ஒன்றுதான். தேதி சொல்கிறவரை நம்பாதீர்கள், டாக்டரே ஆனாலும். நாங்கள் வைத்திருக்கிற ஒரு கைக்கணக்கு உண்டு: மாதத்துக்கு மாதம் மாற்றம் தெரிந்தால் மாதக் கணக்கு, வாரத்துக்கு வாரம் தெரிந்தால் வாரக் கணக்கு, நேற்றைக்கு இன்றைக்கே வித்தியாசம் தெரிந்தால் நாள் கணக்கு. இது பல தடவை சரியாக இருக்கும், சில தடவை என்னை முட்டாளாக்கியிருக்கிறது. போன மாதம் கோயில் வரைக்கும் நடந்தவர், போன வாரம் முகப்பு வரைக்கும்தான் வந்தார், இப்போது கட்டிலைவிட்டு இறங்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாரமே கிளம்புவேன். கடைசி நெருங்கும்போது கை கால் ஜில்லென்று ஆகும், முட்டிப் பக்கம் திட்டுத் திட்டாக நிறம் மாறும், மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் கரகரப்பு கேட்கும். அந்தச் சத்தம் பார்க்கிறவர்களைத்தான் வதைக்கும், அவருக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை என்பதே எங்கள் புரிதல். அந்த நேரத்தில் பயந்துபோய் 108-ஐக் கூப்பிட்டால் அவர்கள் கொண்டுபோவது அவசரப் பிரிவுக்கு, அங்கே செய்வது குழாய் போடுவதும் நெஞ்சை அமுக்குவதும். வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தால், யாருக்குப் போன் போடுவது என்பதையும் முன்பே எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். இந்த முடிவை வெளியூரில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் இப்போதே ஒரு வீடியோ காலில் உட்கார்ந்து எடுங்கள். கடைசி நாளில் விமானத்திலிருந்து இறங்கி வருகிற ஒருத்தர் ஐசியுவில் போடு என்று சத்தம் போட்டு, உடனிருந்து பார்த்த அத்தனை பேரும் குற்றவாளி மாதிரி நின்றதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

சட்டமும் இதற்கு எதிராக இல்லை. கண்ணியமாகச் சாகும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஒப்புக்கொண்டது, உயிர் காக்கும் கருவி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததை 2023-ல் தளர்த்தி, இரண்டு சாட்சியோடு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ போதும் என்று ஆக்கியது. வீட்டில் இறந்தால் சான்றிதழுக்கு அலையக்கூடாது என்பதற்காகவே, இப்போதே உள்ளூர் டாக்டர் ஒருவர் ஒரு தடவையாவது வந்து பார்த்து வைத்திருப்பது நல்லது. பதிவு செய்ய 21 நாள் இருக்கிறது.

அப்புறம், அப்பச்சிக்கு எதுவும் தெரியாது, வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்திருக்கிறோம் என்றீர்கள். தெரியும், தம்பி. பெரும்பாலும் தெரியும். உங்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று அவரும் வயிற்றுப்புண் என்றே நடிக்கிறார். போய்ச் சட்டென்று உடைத்துச் சொல்லச் சொல்லவில்லை, அது எங்கள் முறையும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு உடம்பு எப்படிப் போகிறது என்று தோன்றுகிறது அப்பச்சி என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஒரு வீட்டில் பெரியவர் பத்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, இரும்புப் பெட்டிச் சாவி எங்கே இருக்கிறது, பங்காளிகளிடம் எந்தக் கணக்கு பாக்கி, தன் அக்காவிடம் பதினைந்து வருடமாகப் பேசாததற்கு யார் காரணம் என்று வரிசையாகச் சொல்லி முடித்தார். அக்காவைக் கூட்டி வந்தார்கள். அவர் பேச விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள், அதுவும் அவர் உரிமைதான்.

இன்றைக்கு ராத்திரி ஆத்தாவுக்குப் போன் போடும்போது சாப்பிட்டாரா என்று கேட்காதீர்கள். வலி எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, வெளிக்குப் போய் எத்தனை நாள் ஆகிறது, மார்ஃபின் இன்னும் எத்தனை மாத்திரை மிச்சம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யார் வந்து பார்த்தாலும் முதலில் கேட்கப்போவது இந்த நாலும்தான்.